புதுசெல்லாம் பீரோவில்

அந்தப் பீரோவின் சாவி ஒன்பது வருடம் என் இடுப்பில் இருந்தது. வீட்டுப் பீரோ சாவியோடு ஒரே வளையத்தில் கோத்து வைத்திருந்தேன். எது வீட்டுச் சாவி, எது பட்டறைச் சாவி என்று பார்க்காமலே கைக்குத் தெரியும். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன். சூப்பர்வைசர் கேட்டால்கூட நானே போய்த் திறந்து, எடுத்துக் கொடுத்து, நானே பூட்டிவிட்டு வருவேன். அதில் எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எழுத வேண்டாம் என்று இத்தனை வருடம் தள்ளிப் போட்டாயிற்று.

பட்டறை கொச்சி மட்டாஞ்சேரியில், படகுத்துறைக்குப் பக்கத்தில், ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது. கீழே சுக்கு மூட்டை, மேலே ரேடியோ. நாலு தும்மல் தும்மாமல் ஒரு சாலிடர் வைக்க முடியாது. ராணுவ விமானிகள் கடலில் விழுந்துவிட்டால் உதவி கேட்டுக் கூப்பிடுவதற்கென்று உள்ளங்கை அகலத்தில் ஒரு வயர்லெஸ் செட் உண்டு. அவர்கள் போட்டிருக்கும் மிதவைச் சட்டையின் நெஞ்சுப் பையில் அது இருக்கும். அந்த செட்டுகளைச் சோதிப்பது, பழுது பார்ப்பது, முடிந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாக்கித் திருப்பி அனுப்புவது, இதுதான் எங்கள் வேலை. ஒரு தனியார் ஒப்பந்தக்காரரின் கீழே ஏழு பேர். அதில் நான் ஒருத்திதான் பெண். எழுபதுகளின் கடைசியில் எர்ணாகுளத்தில் ரேடியோ படிப்பு படித்து முடித்த கையோடு சேர்ந்தவள்.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அரிசி மண்டி வேலைக்காக வந்தது. நான் பிறந்ததே கொச்சியில், சுள்ளிக்கல்லில். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். கோபம் எனக்கு அடிக்கடி வரும்.

ஒரு நாள் காலையில் இளைஞன் ஒருவன் பூட்ஸ் சத்தத்தோடு மாடிப்படி ஏறி வந்தான். விமானி என்பது பார்த்தாலே தெரிந்தது. கையில் ஒரு செட். இந்த சுவிட்சைச் செய்தது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டான். கேட்ட தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. சூப்பர்வைசரைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டு, "வந்துட்டாரு பெரிய தொரை" என்று தமிழில் முணுமுணுத்தேன்.

"தொரை எல்லாம் இல்லக்கா. கோவில்பட்டிக்காரன்" என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் விடவில்லை. "சுவிட்சுக்கு என்ன குறைச்சல்? நல்லாத்தானே திரும்புது" என்று அவன் முன்னாலேயே திருப்பிக் காட்டினேன்.

"உங்க கை காஞ்சிருக்கு. கடல்ல விழுந்து விறைச்சுப்போன கையால திருப்ப முடியல. பயிற்சியில எங்க ஆளுங்க நாலு பேருக்கும் இதே கதைதான்."

"அதெல்லாம் திருப்பலாம். மனசு வெச்சாத் திருப்பலாம்."

அவன் கீழே இறங்கிப் போனான். படகுத்துறை மீன்காரரிடமிருந்து ஒரு வாளி நிறைய மீன் ஐஸ் வாங்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தான். "கையை விடுங்கக்கா. பத்து நிமிஷம்."

பட்டறையே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, "ஏழு மினிட் ஆயி சேச்சி, வேண்டாம்னா எடுத்தோ" என்றார். வீம்புக்கு வைத்திருந்தேன். பத்தாவது நிமிடம் கையை எடுத்து சுவிட்சைப் பிடித்தால், பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதே தெரியவில்லை. விரல் வழுக்கி வழுக்கிப் போனது. செட் கைநழுவி மேஜையில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை, அவன்கூட. கையில் மீன் நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்த சுவிட்சோடுதான் என் பிழைப்பு. திருகுகிற குமிழை எடுத்துவிட்டு, இழுத்தால் விழுகிற ஒரு சின்ன லிவர் வைத்தேன். லிவரின் நுனியில் நைலான் கயிற்றில் ஒரு வளையம். விரல் மரத்துப்போனால் மணிக்கட்டை நுழைத்து இழுக்கலாம். கை இரண்டும் போனாலும் பல்லால் கடித்து இழுக்கலாம். "பல்லாலயா? நல்லா யோசிச்சீங்க போங்க" என்றான் அவன். இழுத்தும் பார்த்துவிட்டு, கயிறு சுக்கு மணக்கிறது என்று குறை சொன்னான்.

பேச்சு தெளிவாகக் கேட்கிறதா என்ற சோதனையையும் நாங்கள்தான் மாற்றினோம். அதுவரை ஒருவர் படகில் செட்டை எடுத்துப்போய் ஒன், டூ, த்ரீ சொல்வார். நான் மாடியில் ரிசீவர் முன்னால் உட்கார்ந்து கேட்பேன். ஒன்றுக்குப் பிறகு இரண்டுதான் வரும் என்று யாருக்குத்தான் தெரியாது? சரியாகக் கேட்காவிட்டாலும் கேட்டதுபோலத்தான் இருக்கும். அதனால், படகிலிருந்து கண்ணில் படுவதைச் சொல்லச் சொன்னேன். நான் காதில் விழுந்ததை எழுதி வைப்பேன். திரும்பி வந்ததும் ஒத்துப் பார்ப்போம். லீவு நாட்களில் அவனே படகில் போனான். "மஞ்சப் புடவை கட்டின ஒரு சேச்சி மத்தி கழுவுறாங்க. பக்கத்துல ஒரு பூனை, ரொம்ப நல்ல பிள்ளை மாதிரி உக்காந்திருக்கு." "ஒரு தாத்தா குடையைத் தலைகீழாப் பிடிச்சிட்டு அதுக்குள்ள கத்திரிக்கா வாங்குறாரு." எழுத முடியாமல் சிரிப்பேன். அந்த செட்டில் பேசத்தான் முடியும், கேட்க முடியாது. எங்களிடம் இருந்ததும் ரிசீவர் மட்டும்தான், திரும்பப் பேச வழி இல்லை. அது தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் "அக்கா, கேக்குதா?" என்றுதான் தொடங்குவான்.

இனி பேட்டரி விஷயம்.

அந்த செட்டுக்கான பேட்டரி வெளிநாட்டுச் சரக்கு. வருடத்துக்கு இரண்டு முறை தகர டப்பாவில் வரும். வந்ததும் வாங்கிப் பீரோவில் அடுக்கிப் பூட்டுவேன். சோதனைக்கு செட்டில் இருக்கிற பழைய பேட்டரியையே பயன்படுத்துவோம். சோதனை முடிந்ததும் மீட்டரில் வைத்துப் பார்ப்பேன். முள் முழுதாய் நின்றால் பேட்டரி மேல் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அதையே செட்டுக்குள் போட்டு அனுப்பிவிடுவேன். புதியதை எடுக்க மனசு வராது. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். புதுப் போர்வை, புதுத் துண்டு, பூப்போட்ட பீங்கான் கோப்பை ஆறு, எல்லாம் பீரோவில் இருக்கும். நாங்கள் நசுங்கின டம்ளரில் சாயா குடிப்போம். யாராவது வந்தால் எடுக்கலாம், ஒரு நல்ல நாளைக்கு இருக்கட்டும் என்று அம்மா சொன்னதைத்தான் நானும் சொன்னேன். தணிக்கைக்கு அதிகாரி வரும்போது பீரோவைத் திறந்து காட்டுவேன். டப்பா டப்பாவாக, பிரிக்காமல், பளபளவென்று இருக்கும். அவர் "வெரி குட்" என்பார். எனக்கு அது போதும்.

அந்த வகை பேட்டரியில் ஒரு குணம் உண்டு. தீரும்வரை முள் இறங்கவே இறங்காது. முக்கால்வாசி போனாலும் முழுதாய்க் காட்டும். பிறகு ஒரேயடியாகச் சாய்ந்துவிடும். டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. நான் படித்தும் இருந்தேன். முள் நிற்கிறதே, பிறகென்ன என்று விட்டுவிட்டேன்.

ஆனி மாதம். நாலு நாளாக விடாத மழை. வழக்கம்போல வந்ததும் ரிசீவரைப் போட்டுவிட்டு, நனைந்த குடையை மூலையில் சாய்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரிலிருந்து கூவல் வந்தது. செட்டின் லிவரை இழுத்துவிட்டால் தானாகக் கூவுகிற அந்த ஒலி, தேடி வருகிறவர்களுக்குத் திசை காட்டுவதற்கானது. யாரோ செட்டை வைத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்து, "காலங்காத்தால எவன்டா அது?" என்று கத்தினேன். எல்லோரும் வெறுங்கையைக் காட்டினார்கள்.

கூவல் நின்றது. அவன் குரல் வந்தது.

முதலில் முறைப்படி ஆங்கிலத்தில் சொன்னான். விமானம் கடலில் விழுந்துவிட்டது, ரப்பர் மிதவையில் இருக்கிறேன், இடது கை ஒடிந்திருக்கிறது, வலது கையில் உணர்வில்லை. சூப்பர்வைசர் அதற்குள் போனுக்கு ஓடிவிட்டார். நான் அசையாமல் நின்றேன். திரும்ப ஒரு தடவை எல்லாம் சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, தமிழில் சொன்னான்.

"அக்கா, கேக்குதா? இந்நேரம் ரிசீவரைப் போட்டிருப்பீங்கன்னு தெரியும். உங்க லிவர் ஒரே இழுப்புல வந்துருச்சு."

நான் பென்சிலை எடுத்து எழுதினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கண்ணில் படுவதைச் சொன்னால் எழுதுவது, அதுதானே எங்கள் பழக்கம்.

"இன்னிக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லக்கா. தண்ணி. அப்புறம் தண்ணி. மேகம் தலையில இடிக்கிற மாதிரி இருக்கு. வலது பக்கம் தூரத்துல ஒரு கப்பல் தெரிஞ்சுது, மழையில மறைஞ்சிருச்சு."

கப்பலையும் போனில் சொன்னோம். எங்கள் ரிசீவரால் குரலைக் கேட்க முடியும், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடிய கருவி ஹெலிகாப்டரில்தான் இருந்தது. அதற்குக் கூவல் விடாமல் வர வேண்டும். நான் ஸ்பீக்கரைப் பார்த்துக் கத்தினேன். "பேசாதடா தம்பி! கூவலைப் போடு! பேட்டரி போயிரும்டா!" சார் என்று கூப்பிட வேண்டியவனை டா போட்டுக் கூப்பிட்டேன். அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும் தொண்டை கிழியக் கத்தினேன். ஏனென்றால் அவன் செட்டுக்குள் நான் போட்டு அனுப்பிய பேட்டரி எத்தனை சோதனை பார்த்தது என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவனாகவே கூவலுக்கு மாறினான். ஹெலிகாப்டர் எங்கள் ஓட்டுக்கு மேலே, மழைக்குள், மேற்கே போகிற சத்தம் கேட்டது. கூவல் வந்துகொண்டே இருந்தது. கடைசியாக ஒரு தடவை மட்டும் பேசினான். "சத்தம் கேக்குதுக்கா. வந்துட்டாங்க போல. மேகத்துல ஒண்ணும் தெரி" என்பதுவரை வந்தது. பிறகு குரலும் இல்லை, கூவலும் இல்லை, வெறும் இரைச்சல். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவன் குரல் முதலில் கேட்டதிலிருந்து ஒரு மணி பத்து நிமிடம். புது பேட்டரியாக இருந்திருந்தால் சாயங்காலம் வரை வந்திருக்கும்.

என் முதுகுக்குப் பின்னால், நாலடி தூரத்தில், பீரோ இருந்தது. உள்ளே நாற்பத்திரண்டு புது பேட்டரி.

அன்று முழுக்கத் தேடினார்கள். மறுநாள் நண்பகலில், நீரோட்டத்தில் வெகு தூரம் தெற்கே போயிருந்த மிதவையைக் கண்டுபிடித்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். சொன்னவர்கள் ஏதோ ஆறுதல்போலத்தான் சொன்னார்கள். எனக்கு அந்தப் பகல் முழுக்க அவன் என்ன செய்திருப்பான் என்பதே நினைப்பாக இருந்தது. சோறு இறங்கவில்லை.

செட் எங்களிடமே வந்தது, என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்வதற்கு. சூப்பர்வைசர் தான் பிரிப்பதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. லிவர் விழுந்தபடியே இருந்தது. நைலான் வளையத்தில் வரிசையாகப் பல் பதிந்திருந்தது. ஒரு இடத்தில் இல்லை, பல இடத்தில். செத்துப்போன செட்டின் லிவரை அவன் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டு, திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்திருக்கிறான். செட்டுக்குள் ஒரு சொட்டுக் கடல்தண்ணீர் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. பேட்டரியை வெளியே எடுத்தேன். என் பென்சில் புள்ளிகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, பதினொன்று. நான் மேஜையில் தலையை வைத்து அழுதேன். வேலை செய்கிற இடம், ஆண்கள் நடமாடுகிற இடம் என்றெல்லாம் தோன்றவில்லை.

"அதொண்ணும் எழுத வேண்டா சேச்சி" என்றார் சூப்பர்வைசர். நல்ல மனிதர், என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். "மீட்டர் ஃபுல்லுன்னு காமிச்சா நம்ம என்ன செய்யும்? ஈரம் கேறியிட்டுண்டுன்னு எழுதிக்கோ."

"ஈரம் ஏறலையே சேட்டா. ஏறாம நாந்தானே அடைச்சேன்" என்றேன்.

உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. இனி ஒவ்வொரு செட்டும் புது பேட்டரியோடுதான் போக வேண்டும், சோதனைக்குத் தனியாக மின்சாரம் எடுக்க வேண்டும் என்று ஒரு தாள் வந்தது, அவ்வளவுதான். யாராவது திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அந்தத் தாள் வருவதற்கு முன்பே நான் பீரோவைக் காலி செய்திருந்தேன். அடுத்த தணிக்கைக்கு வந்த அதிகாரி வெறும் பலகையைப் பார்த்துவிட்டு, இருப்பு எங்கே என்று முகத்தைச் சுளித்தார். "எல்லாம் அவங்கவங்க நெஞ்சுப் பையில இருக்கு சார்" என்றேன்.

ஐப்பசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் வீட்டு வாசலில் வயதான ஒருவர் வந்து நின்றார். ஒல்லியான உடம்பு. கையில் மஞ்சள் பை. போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை கடையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் மடிப்புக் கலையாமல் இருந்தது. தோள் தொளதொளவென்று இறங்கியிருந்தது. கை நீளமென்று இரண்டு சுற்று மடித்துவிட்டிருந்தார்.

"கோவத்துக்காரி அக்கான்னு என் மகன் காயிதத்துல எழுதுவான். ரேடியோக்காரங்க. அது நீங்கதானம்மா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர்தான் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து உட்கார வைத்தார். நான் அடுப்படிக்குள் போய் சாயா போட்டேன். பூப்போட்ட கோப்பைகளை அதற்குள் தினப்படிக்கு எடுத்திருந்தேன். ஒன்றின் காது உடைந்து போயிருந்தது. உடையாததாகப் பார்த்து எடுத்து வந்தேன்.

அவர் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். கடைசியாக என்ன பேசினான்? அன்று எழுதின தாளை எடுத்து வந்து வாசித்தேன். தண்ணி, அப்புறம் தண்ணி என்ற இடத்தில் லேசாகச் சிரித்தார். "அப்படித்தான் பேசுவான்" என்றார். வாசித்து முடித்ததும் கும்பிட்டார். "நீங்க செஞ்ச சாமானாலதானம்மா அவன் குரலாவது ஒருத்தர் காதுல விழுந்துச்சு. அதுக்குத்தான் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்று சொல்லிவிட்டேன். பேட்டரி பழசு என்பதை, நான்தான் போட்டேன் என்பதை, புதுசு பூட்டி வைத்திருந்ததை. வீட்டுக்காரர் என்னைத் தடுக்கப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை.

"புதுசு இருந்துச்சா?" என்று கேட்டார் அவர்.

"இருந்துச்சுங்க ஐயா. நாற்பத்திரண்டு."

"எதுக்கும்மா வெச்சிருந்தீங்க?"

"சும்மாதான் ஐயா. நல்லதுன்னு... இருக்கட்டுமேன்னு."

அடிப்பார், வைவார் என்று காத்திருந்தேன். வைதால் தேவலை என்று இருந்தது. அவர் மடித்துவிட்ட சட்டைக் கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இந்தச் சட்டை அவனுக்கு எடுத்தது" என்றார். "சித்திரையில லீவுக்கு வந்தான். போகும்போது, இதைப் போட்டுக்கிட்டுப் போறேம்ப்பான்னு கேட்டான். ஆசையாத்தான் கேட்டான். பழசே நல்லாத்தானலே இருக்கு, இது தீவாளிக்கு இருக்கட்டும்னு நாந்தான் வாங்கிப் பீரோவுல வெச்சேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் அழவில்லை. கோப்பையிலிருந்த சாயாவை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, அதைத் தரையில் பத்திரமாக வைத்தார்.

"இப்ப அந்தப் பீரோவுல என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்லைங்க ஐயா. காலி."

"காலியாவே இருக்கட்டும்மா" என்றார். நழுவியிருந்த சட்டைக் கையை மறுபடி மடித்துவிட்டுக்கொண்டு, படகுக்கு நேரமாகிறது என்று எழுந்தார்.